சொல்லுங்க

"டெர்மினல்ல எல்எஸ்னு அடிச்சு என்டர் தட்டுறீங்க. என்ன நடக்கும்?"

கேட்ட பையனுக்கு என்னைவிட ஆறேழு வயது குறைவாக இருக்கும். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்பது வருடம் மென்பொருள் சோதனையில் வேலை பார்த்தவள். அந்த ஒன்பது வருடத்தில் எல்எஸ் என்று எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

"அந்த ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் எல்லாம் லிஸ்ட் ஆகும்."

"சரி. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா?"

"என்டர் தட்டினதுக்கும் லிஸ்ட் வர்றதுக்கும் நடுவுல."

நடுவில் ஏதாவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதுபோல அதை வைத்திருந்தேன். ஏதோ உளறினேன். அவன் மரியாதையாகத்தான் தலையாட்டினான். இரண்டு நாள் கழித்து வழக்கமான மின்னஞ்சல் வந்தது.

நான் வேலை பார்த்த நிறுவனம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் எங்கள் குழுவை மொத்தமாகக் கலைத்திருந்தது. சென்னையில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். "கொஞ்ச நாள் வீட்லேருந்தே வேலைப்பா" என்று சொல்லி வைத்திருந்தேன். கம்பெனி மடிக்கணினியை வாங்கிப்போக கூரியர்காரர் வீட்டுக்கே வந்தபோது, "வேற புதுசு தரப்போறாங்க" என்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரியில் வாங்கிய பழைய மடிக்கணினியை எடுத்துத் தூசி தட்டி, மாடி அறையில் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து ஆறு மணிக்குக் கீழே இறங்குவேன். அலுவலகம் போய்வருவது மாதிரி.

அந்தக் கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. நிராகரித்ததுகூடப் பரவாயில்லை. ஒன்பது வருடம் குடியிருந்த வீட்டில் ஒரு அறையைத் திறந்தே பார்த்ததில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. சரி, ஒரு ஷெல் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சி மொழியை ஆய்வகத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அதையும் தூசி தட்ட வேண்டியிருந்தது.

ஷெல் என்றால் ஓடு. கெர்னல் என்றால் உள்ளே இருக்கும் பருப்பு. நாம் கெர்னலோடு நேரடியாகப் பேச முடியாது. சுற்றியிருக்கும் ஓட்டோடுதான் பேசுகிறோம். இந்தப் பெயரை வைத்தவர் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர். 1960களில் எம்ஐடியில் இருந்தபோது, கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து வரிசையாக ஓட்டும் ரன்காம் என்ற நிரலை எழுதினார். பிறகு மல்டிக்ஸ் அமைப்புக்காக இந்த யோசனையை விரித்தபோது பிறந்ததுதான் ஷெல் என்ற சொல். இன்றும் நம் கணினியில் ஆர்சி என்று முடியும் கோப்புகள் கிடக்கின்றன அல்லவா, அவை அந்த ரன்காமின் மிச்சம். யூனிக்ஸில் முதல் ஷெல்லை எழுதியவர் கென் தாம்ப்ஸன், 1971. இதையெல்லாம் படித்துவிட்டு என்னுடையதற்குச் சிரட்டை என்று பெயர் வைத்தேன். எங்கள் பக்கம் தேங்காய் ஓட்டுக்கு அதுதான் பெயர்.

முதல் நாள் எழுதியது முப்பது வரிகூட இருக்காது. ஒரு முடிவில்லாத சுற்று. ஒரு வரியை வாங்கு. இடைவெளி இருக்கும் இடங்களில் வெட்டு. முதல் சொல் கட்டளை, மற்றவை அதற்கான விவரங்கள். ஓட்டு. முடியும்வரை காத்திரு. மறுபடி கேள். அவ்வளவுதான். ஐம்பது வருடத்துக்கும் மேலாக உலகத்தின் எல்லா ஷெல்களும் செய்வது அடிப்படையில் இதைத்தான்.

இந்த 'ஓட்டு' என்ற ஒரு சொல்லுக்குள்தான் அந்தப் பையன் கேட்ட நடு இருக்கிறது. ஷெல் ஒரு நிரலைத் தானே ஓட்டுவதில்லை. முதலில் ஃபோர்க் என்ற அழைப்பின் மூலம் தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்குகிறது. ஒருமுறை அழைத்தால் இருமுறை விடை வரும் விசித்திரமான அழைப்பு அது. அசலுக்குப் பிள்ளையின் எண் விடையாகக் கிடைக்கும், பிள்ளைக்குச் சுழியம். இரண்டும் அதே வரியில் நின்றுகொண்டு, கையிலிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் 'நான் யார்' என்று தெரிந்துகொள்கின்றன. பிறகு பிள்ளை எக்ஸெக் என்ற அழைப்பின் மூலம் தன் நினைவகம் மொத்தத்தையும் துடைத்துவிட்டு எல்எஸ் ஆகவே மாறிவிடுகிறது. அசல், வெயிட் என்று சொல்லிவிட்டுக் காத்துக்கிடக்கிறது. பிள்ளை முடித்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்லிப் போகும். நல்லபடியாக முடிந்தால் சுழியம். அதைக் கேட்டு வாங்கிய பிறகுதான் அடுத்த பிராம்ப்ட்.

முதல்முறை அதில் எல்எஸ் அடித்துப் பட்டியல் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பத்து வருடமாகப் பார்த்த அதே பட்டியல்தான்.

பிராம்ப்டில் என்ன வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. எல்லோரும் டாலர் குறி வைப்பார்கள். நான் யோசிக்காமல் 'சொல்லுங்க' என்று வைத்தேன். வைத்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்சாரியில் ஒரு கடையின் முன்பகுதியில் மேசை போட்டு முப்பத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்வது ஒரு ஒழுங்கில் இருக்காது. "எங்கப்பா இருக்கும்போதே தம்பிக்குன்னு சொல்லிட்டாரு, ஆனா அந்தக் கெணறு இருக்குல்லா, அது பொது, அவன் பொண்டாட்டி ஒத்துக்கிட மாட்டா…" என்று போகும். அப்பா நடுவில் பேசவே மாட்டார். முடிந்ததும் நாலே கேள்வி கேட்பார். யார், யாருக்கு, எது, எவ்வளவு. அதற்குள் அது கிரயமா, தானசெட்டில்மென்டா, பாகப்பிரிவினையா என்று பிரித்துவிட்டிருப்பார். உள்ளே இருக்கும் சார்பதிவாளருக்குப் புரியும் மொழியில் அதை எழுதி அனுப்புவார். உள்ளே போய் வேலை முடிந்து, ஆள் வெளியே வரும்வரை காத்திருப்பார். பிறகு அடுத்தவரிடம், "சொல்லுங்க."

விடுமுறை நாட்களில் அந்த மேசைக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவள் நான். ஷெல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்றா சொன்னேன்?

இரண்டாவது நாளிலிருந்து தப்புகள். ஷெல் எழுதுவதில் உண்மையான பாடம் இவைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தப்பு வேடிக்கையானது. எக்ஸிட் அடித்தால் சிரட்டை மூடாமல் மறுபடி 'சொல்லுங்க' என்று நின்றது. இன்னொரு முறை அடித்தேன். மறுபடியும் 'சொல்லுங்க'. நாலாவது முறைதான் மூடியது. கட்டளையை நான் எழுத்துப்பிழையோடு அடிக்கும்போது எக்ஸெக்கால் அந்தப் பெயரில் நிரலைக் கண்டுபிடிக்க முடிவதில்லை, தோற்றுப்போய்த் திரும்புகிறது. திரும்பிய பிள்ளையை நான் முடித்து வைக்கவில்லை. அது எதுவுமாகவும் மாற முடியாமல், அசலின் நகலாகவே மேலே வந்து உட்கார்ந்துகொண்டு, தானே ஷெல் என்று நினைத்து என்னிடம் 'சொல்லுங்க' என்கிறது. மூன்று பிழை அடித்திருந்தேன், அதனால் நாலு எக்ஸிட். எக்ஸெக்குக்கு அடுத்த வரியில் பிள்ளையை முடிக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அடுத்தது நட்சத்திரக் குறி. எல்லா உரைக்கோப்புகளையும் காட்டு என்பதற்காக நட்சத்திரம் போட்டு அடித்தால், நட்சத்திரம் என்ற பெயரில் கோப்பே இல்லை என்றது எல்எஸ். அந்தக் குறியை விரித்துக் கொடுப்பது ஷெல்லின் வேலை, எல்எஸ்ஸுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆரம்பகால யூனிக்ஸில் இதற்கென்றே குளோப் என்று தனி நிரல் இருந்ததாம். நான் சோம்பேறித்தனமாக அதே பெயரில் இருக்கும் நூலகச் செயலியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

மூன்றாவது சிடி. அடைவு மாறும் கட்டளை. அடித்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தேன். மறுபடி அடித்தேன், அதே இடம். ஒரு மாலைப்பொழுது முழுக்க இதில் போனது. விஷயம் இவ்வளவுதான்: ஒவ்வொரு செயல்முறைக்கும் தான் எங்கே நிற்கிறோம் என்பது தனித்தனி. மற்ற கட்டளைகளைப் போலவே சிடிக்கும் ஒரு பிள்ளையைப் பெற்று அனுப்பினேன். பிள்ளை சொன்ன இடத்துக்குச் சரியாகப் போனது, போன இடத்திலேயே முடிந்தும் போனது. அசல் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. பிள்ளை எவ்வளவு தூரம் போனாலும் பெற்றதை நகர்த்தாது. நகர வேண்டுமென்றால் அசல் தானே எழுந்து நடக்க வேண்டும். அதனால்தான் எல்லா ஷெல்லிலும் சிடி உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

என் முட்டாள்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு டென்னிஸ் ரிட்சி யூனிக்ஸின் வளர்ச்சி பற்றி எழுதிய கட்டுரையில் இதே கதை இருப்பதைப் பார்த்தேன். பிடிபி-7 இயந்திரத்தில், 27 வரி அசெம்ப்ளியில் ஃபோர்க்கை முதல்முறையாகச் சேர்த்த சந்தோஷத்தில் இருக்கும்போது, அடைவு மாறும் கட்டளை வேலை செய்யாமல் போய்விட்டது. அவர்களும் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துக் குழம்பியிருக்கிறார்கள். காரணமும் இதேதான், அவர்கள் கண்ட தீர்வும் இதேதான். யூனிக்ஸை உண்டாக்கியவர்களே விழுந்த குழியில் அம்பாசமுத்திரத்துப் பக்கத்து மாடி அறையில் நானும் விழுந்திருக்கிறேன் என்றதும் ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

கட்டுப்பாடு-சி அடித்தால் ஓடுகிற நிரலோடு சேர்த்து சிரட்டையும் செத்தது. அது ஒரு மணி நேர வேலை. ஷெல் அந்தச் சமிக்ஞையைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் பிள்ளைக்கு அந்தச் செவிட்டுத்தனத்தைக் கொடுத்தனுப்பவும் கூடாது. அவ்வளவுதான்.

என்னை ஐந்து நாள் படுத்தியது பைப்.

ஒரு நிரல் வெளியிடுவதை இன்னொரு நிரலுக்கு உள்ளே அனுப்பும் குழாய். டக் மெக்கில்ராய் 1964லேயே ஒரு குறிப்பில், தோட்டத்து ரப்பர் குழாய்களைத் திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களைச் சேர்க்க வழி வேண்டும் என்று எழுதியிருந்தார். பல வருடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் 1970களின் தொடக்கத்தில் தாம்ப்ஸன் ஒரே ராத்திரியில் அதைச் செய்து முடித்தார். எனக்கு ஐந்து நாள்.

குழாய்க்கு இரண்டு முனை. ஒன்றில் எழுதலாம், ஒன்றில் படிக்கலாம். இரண்டு பிள்ளைகளை உண்டாக்கி, ஒன்றின் வாயை எழுதும் முனையிலும் மற்றதன் காதைப் படிக்கும் முனையிலும் பொருத்த வேண்டும். செய்தேன். எல்எஸ்ஸின் பட்டியலை வரிகளை எண்ணும் நிரலுக்குள் விட்டேன். எல்எஸ் முடிந்துவிட்டது. ஆனால் எண்ணும் நிரல் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. முடியவும் இல்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் விட்டுவைத்துப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது நாள் ராத்திரி சாப்பிடும்போது முகம் சரியில்லாததைப் பார்த்து அப்பா, "என்ன பிள்ள, ஆபீஸ்ல எதும் பிரச்சினையா?" என்றார். சொல்லிப் பார்த்தேன். தட்டில் இரண்டு முருங்கைக்காயை வைத்து, ஒருத்தன் பேசுதான், ஒருத்தன் கேக்குதான், பேசினவன் எழுந்து போயிட்டான், கேக்குறவன் இன்னும் உட்கார்ந்திருக்கான் என்றேன்.

"பேச்சு முடிஞ்சிட்டுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"பேசுற முனைய யாருமே பிடிச்சிருக்கலைன்னா கெர்னல் சொல்லிரும்."

"அப்ப யாரோ பிடிச்சிட்டிருக்காங்க." அவர் முருங்கைக்காயை எடுத்துச் சவைக்க ஆரம்பித்தார். "விடுதலைப் பத்திரம் மாதிரிதான். எல்லா வாரிசும் கைய விட்டாத்தான் முடியும். ஒரு கையெழுத்து பாக்கின்னாலும் அப்படியேதான் கெடக்கும். நம்ம வீடே கெடக்குல்லா."

அது எனக்குத் தெரிந்த கதைதான். தாத்தா உயில் எழுதாமல் போனவர். வாரிசுகள் நாலு பேர். அப்பா பெயருக்கு எழுதிக்கொள்ளச் சொல்லி சித்தப்பாவும் சின்னத்தையும் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பெரியத்தை பாக்கி. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதும் ஆளின் வீடு இருபது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பெரியத்தை பிடிவாதக்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பெரியத்தை ஏம்ப்பா போட மாட்டேங்குதா?"

"நான் இன்னும் கேக்கலியே."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"மத்தவங்க ரெண்டு பேரும் வசதியா இருக்காங்க. அக்கா தாலியறுத்து வந்து, பீடி சுத்தி ரெண்டு பிள்ளைகளக் கரையேத்துனவ. அவகிட்டப் போயி சும்மா விட்டுக்குடுன்னு எந்த வாயால கேக்க? கேட்டா போட்டுருவா, அதான் சங்கடம். அவ பங்குக்குண்டான ரூவாயக் கையில வச்சிட்டுக் கேக்கணும்னு இருந்தேன். நீ அனுப்புனதுல முக்காவாசி சேந்துட்டு. இந்தத் தையில கேட்டுரலாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. தை மாதத்துக்கு மூன்று மாதம் இருந்தது. நான் அடுத்த மாதம் அனுப்ப ஒன்றும் இல்லை.

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தால் அழலாம் என்றுதான் போனேன், வரவில்லை. பழக்கதோஷத்தில் திரையைத் திறந்தேன். யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார்? பேசிய பிள்ளை முடிந்துவிட்டது, அதன் கை தானாக விட்டுப்போயிருக்கும். கேட்கிற பிள்ளையைப் பார்த்தேன். பிறக்கும்போதே அதற்கும் ஒரு நகல் கிடைத்திருக்கிறது, அதன் கையை விடுவிக்க ஒரு வரி சேர்த்தேன். அப்படியும் முடியவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறையும் எதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறது என்பதை புராக் என்ற அடைவுக்குள் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். குழாயின் எழுதும் முனை இன்னும் ஒரே ஒரு இடத்தில் திறந்திருந்தது. சிரட்டையிடம். குழாயை உண்டாக்கி இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தது அதுதான். கொடுத்துவிட்டுத் தன் கையிலும் வைத்துக்கொண்டிருந்தது. தான் பிடித்திருக்கும் முனையைத் தானே விடாமல், பிள்ளை முடியட்டும் என்று வெயிட்டில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு வரி. இரண்டு முனைகளையும் மூடும் இரண்டு வரி. ஓட்டினேன். 43 என்றது திரை. நாற்பத்து மூன்று வரி.

மணி பதினொன்று இருக்கும். அப்பா திண்ணையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாளைக்குப் பதியவேண்டிய பத்திரம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சொல்லு" என்றார், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

சொன்னேன். ஒழுங்கில்லாமல்தான் சொன்னேன். கிட்டார் மாட்டிய பையன் வரைக்கும் சொன்னேன். அவர் நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடித்ததும் தாளை மடித்து வைத்தார்.

"புதுக் கம்ப்யூட்டர் வரவே இல்லை என்னா?"

"தெரியுமாப்பா?"

"அந்தப் பழசுல ஒரு கட்டையே கெடையாதே. அத வச்சிட்டு எந்தக் கம்பெனி வேலை வாங்கும்?"

பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். "தை இல்லன்னா ஆடி. ஆடில பத்திரம் பதிய மாட்டாங்க. ஆவணின்னு வச்சிக்கோயேன்" என்றார். பிறகு, "அது முடிஞ்சிட்டா, அந்தக் கொழா?" என்று கேட்டார்.

எனக்கு நாலு மாதம் கழித்து வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. எல்எஸ் அடித்தால் என்ன நடக்கும் என்று அதன் பிறகு எந்த நேர்காணலிலும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் பேசத் தயாராகப் போய்க்கொண்டிருந்தேன், வீணாகிவிட்டது. சிரட்டையை நான் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவதும் இல்லை. மேலம்பை அழுத்தினால் பழைய கட்டளை வருவது போன்ற சொகுசு எதுவும் அதில் கிடையாது. பாஷ் 1989லிருந்து பலர் செதுக்கிய பண்டம். என்னுடையது நானூற்றுச் சொச்சம் வரி.

ஆனால் அன்றைக்குச் சொல்லி முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "அதக் காட்டு பாப்போம்" என்று அப்பா மாடிக்கு வந்தார். கடையில் இப்போது கணினிதான் என்றாலும் அவர் விரல்கள் ஃபேஸிட் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவை. பழைய தட்டச்சு விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்து வைத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். உட்கார்ந்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தார். 'சொல்லுங்க' என்று இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

விசைகளைப் பார்க்காமலே அடித்தார். 'நாளது தேதியில்.' என்டர்.

முதல் சொல்தானே கட்டளை. 'நாளது: அப்படி ஒரு கட்டளை இங்கே இல்லை' என்றது சிரட்டை. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் எந்தத் துண்டும் இடைவெளிக் குறியாகத் தவறிக் கொள்ளப்படாது என்பதால் சொல்லைச் சரியாகவே வெட்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை. அப்பாவுக்கு வேறு குறை.

"முப்பத்தஞ்சு வருஷமா இதத்தானே எழுதுதேன். இல்லைங்குது!" சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு மூன்று அடித்துப் பார்த்தார். எதற்கும் அது அசரவில்லை. ஒவ்வொன்றையும் இல்லை என்றுவிட்டு மறுபடி 'சொல்லுங்க' என்றது.

"பொறுமையாத்தான் இருக்கு. எந்திரிச்சிப் போகணும்னா என்ன செய்ய?"

"கன்ட்ரோலும் டியும் சேத்து அடிங்கப்பா. இனிச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

இரண்டு கைகளாலும் இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தினார். 'சொல்லுங்க' போய்விட்டது. கீழே ஒரு டாலர் குறி வந்து நின்று கர்சர் துடித்தது.

"இது யாரு?"

"பாஷ். பெரிய ஷெல். சிரட்டையை ஓட்டினதே அதுதான்."

"இவ்வளவு நேரமும் இங்கனதான் இருந்துதா?"

"ஆமாப்பா. வெயிட்ல இருந்துச்சு."